குட்டிப் பீமனும் நம் குழந்தைகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் குறளைப் பற்றியும், சிலம்பைப் பற்றியும், கம்பனைப் பற்றியும் பேசுவதே மரபு. அவற்றைப் பேசத் தகுதி வாய்ந்த புலவர் பெருமக்கள் எனக்குப் பின்னால் வர இருக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலந்தள்ளும் குமாஸ்தா நான். 'குழந்தைகளுக்கென்று ஏதாவது சொல்லுங்கள்' என்பதுதான் செயலாளர் எனக்கு இட்ட கட்டளை. குழந்தைகளுக்கு உவப்பானது எது என்று எண்ணிப் பார்த்தேன். மாலை வேளையில் நம் குடியிருப்புகளில் எந்த வீட்டு வாசலைக் கடந்து சென்றாலும் காதில் விழும் பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயர் சோட்டா பீம். ஆகவே அந்தக் குட்டிப் பீமனைப் பற்றிச் சில செய்திகளையும், அச்செய்திகள் எழுப்பிய சில சிந்தனைகளையும் உங்கள் முன் வைக்கிறேன். 'இதுவும் ஒரு பொருளா?' என்று பெரியோர்கள் நகைக்க வேண்டாம். நம் பிள்ளைகளின் நெஞ்சில் நாள்தோறும் ஒரு மணி நேரம் குடியிருப்பவன் யார் என்று தெரிந்துகொள்வது பெற்றோருக்குரிய கடமைகளுள் ஒன்று அல்லவா?

பிறந்த கதை

குழந்தைகளே, முதலில் ஒரு கேள்வி. குட்டிப் பீமன் பிறந்த ஊர் எது? 'டோலக்பூர்' என்று கூவுகிறீர்கள். கதைப்படி அது சரி. ஆனால் அவனை உண்மையில் ஈன்றெடுத்த ஊர் ஐதராபாத். அமெரிக்காவிற்குச் சென்று கணினிக் கல்வி கற்று, பின்னர் அங்கேயே சித்திரப்படக் கலையும் பயின்று திரும்பிய ராஜீவ் சிலகா என்பவர், 2001 ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் கிரீன் கோல்ட் அனிமேஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஏழு ஆண்டுகள் சென்ற பின், 2008 ஏப்ரலில், போகோ தொலைக்காட்சியில் சோட்டா பீம் முதன்முதலாக ஒளிபரப்பாயிற்று. நல்ல விளைச்சலுக்கு முன்னே நீண்ட உழவு இருக்கிறது என்பதை இந்த ஏழாண்டுக் கணக்கு நமக்குச் சொல்கிறது.

அதற்கு முன்னர் நம் நாட்டுத் தொலைக்காட்சிகளில் குழந்தைகள் கண்ட சித்திரத் தொடர்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவை. வேட்டி கட்டி, வெற்று மார்போடு, கிராமத்துத் தெருவில் ஓடும் ஒரு சிறுவன் அவற்றுக்கு ஈடாக நின்று வெல்லக்கூடும் என்று பலர் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அவன் வென்றான். 2012 மே மாதத்தில் 'தம்யானின் சாபம்' பற்றிய கதையோடு திரையரங்குகளுக்கும் வந்தான். 2024 இல் அதே கதை மனித நடிகர்களைக் கொண்டு மீண்டும் படமாயிற்று. அனுபம் கேர் என்ற புகழ் பெற்ற நடிகர் அதில் குருவாக வந்தார்.

அடுத்த கேள்வி. குட்டிப் பீமனுக்கு வயது என்ன? ஒன்பது. 2008 இல் ஒன்பது. இன்றும் ஒன்பதே! அன்று அவனோடு ஒத்த வயதினராயிருந்து பார்த்த பிள்ளைகள் கல்லூரிப் படிப்பை முடித்து வேலை தேடுகிறார்கள். அவனுக்கு மட்டும் மூப்புமில்லை, ஓய்வுமில்லை. எங்கள் ரயில்வே இலாகாவில் இப்படி ஒருவர் இருந்தால், அவருக்குப் பின்னால் இருப்பவர்களுக்குப் பதவி உயர்வு எப்போது கிட்டும் என்று நான் சில சமயம் எண்ணிச் சிரிப்பதுண்டு.

லட்டும் கீரையும்

குட்டிப் பீமனுக்கு வலிமை எங்கிருந்து வருகிறது? டுன்டுன் மௌசியின் கடை லட்டிலிருந்து! லட்டை வாயிலிட்டதும் அவன் தோள்கள் திரள்கின்றன, பகைவர்கள் பறக்கிறார்கள். இந்த உத்தி புதியதன்று. 1929 இல் அமெரிக்கச் செய்தித்தாளில் தோன்றி, 1933 இல் சித்திரப்படமாக வந்த பாப்பாய் என்னும் மாலுமி, டப்பாவில் அடைத்த பசலைக் கீரையை உண்டதும் பலம் பெறுவான். கீரை பயிரிடுவோர் மகிழ்ந்துபோய், டெக்சாஸ் மாநிலத்தின் கிரிஸ்டல் சிட்டி என்னும் ஊரில் 1937 இல் அவனுக்குச் சிலையே வைத்துவிட்டார்கள்! அந்த மாலுமியைக் காட்டித் தாய்மார்கள் குழந்தைகளுக்குக் கீரை ஊட்ட முடிந்தது. நம் பீமனைக் காட்டி எதை ஊட்டுவது என்பதுதான் இங்குள்ள தாய்மார்களின் கவலை. குழந்தைகளே, பீமன் லட்டு தின்பதை மட்டும் பார்க்காதீர்கள். அவன் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதே இல்லை. ஓடுகிறான், மரமேறுகிறான், நீந்துகிறான், மல்யுத்தம் பழகுகிறான். அத்தனையும் செய்துவிட்டு ஒரு லட்டு தின்றால் தீங்கில்லை. தொலைக்காட்சியின் முன் சாய்ந்துகொண்டு லட்டு தின்பவன் பீமனாக மாட்டான்.

இதனோடு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் சக்திமான் என்ற தொடர் வந்தது. அது சித்திரமன்று, நடிகர் நடித்தது. அவரைப் போலப் பறக்க முயன்று சில குழந்தைகள் துன்புற்றதாகச் செய்திகள் வந்தன. அந்நடிகரே நிகழ்ச்சியின் முடிவில் தோன்றி, 'இவற்றை நீங்கள் செய்து பார்க்காதீர்கள்' என்று குழந்தைகளுக்கு அறிவுரை கூற வேண்டியதாயிற்று. திரையில் காண்பது விளையாட்டு என்ற தெளிவு பெரியவர்களுக்கு இயல்பாக உண்டு. குழந்தைக்கு அதைச் சொல்லித்தான் தர வேண்டும். பக்கத்தில் ஒரு பெரியவர் அமர்ந்து, 'இது வரைந்த படம் கண்ணே' என்று ஒருமுறை சொன்னாலே போதும்.

பாரதத்துப் பீமன்

இனி, பெயருக்கு உரியவனிடம் வருவோம். குட்டிப் பீமனின் கதை மகாபாரதக் கதையன்று. பெயரையும் பலத்தையும் பசியையும் மட்டும் பாரதத்திலிருந்து கடன் வாங்கியிருக்கிறார்கள். ஆயினும் கூர்ந்து பார்த்தால் இரண்டுக்கும் இன்னும் சில ஒற்றுமைகள் புலப்படும்.

பாரதத்துப் பீமனுக்கும் உணவினால்தான் வலிமை பெருகியது. சிறு பிராயத்தில் துரியோதனன் அவனுக்கு உணவில் நஞ்சு கலந்து கொடுத்து, மயங்கியவனைக் கங்கையில் தள்ளினான். பீமன் நாகலோகம் சேர்ந்தான். அங்கே நாகர்கள் கொடுத்த அமுதத்தைக் குடம் குடமாகப் பருகி, ஆயிரம் ஆயிரமாக யானை பலம் பெற்றுத் திரும்பினான். நஞ்சிட்ட கை ஒன்று. அமுதூட்டிய கை ஒன்று. அந்த அமுதத்தின் பேரப்பிள்ளைதான் இந்த லட்டு என்று நான் கருதுகிறேன்.

குட்டிப் பீமனுக்கு ஜக்கு என்ற குரங்கு தோழன். பாரதத்துப் பீமனுக்கும் ஒரு குரங்கின் உறவு உண்டு. திரௌபதி விரும்பிய மலரைத் தேடிக் காட்டில் சென்றபோது, வழியில் ஒரு கிழக்குரங்கு வாலை நீட்டிப் படுத்திருந்தது. 'வாலை நகர்த்து' என்றான் பீமன். 'நீயே நகர்த்திவிட்டுப் போ' என்றது குரங்கு. அத்தனை யானை பலம் படைத்தவனால் அந்த வாலை அசைக்க முடியவில்லை. அதுதான் அவன் அண்ணன் அனுமன். தொலைக்காட்சிப் பீமன் எப்போதும் வெல்கிறான். பாரதத்துப் பீமன் தோற்கவும் தெரிந்தவன். தோற்று வணங்கவும் தெரிந்தவன். இந்தக் கதையை இன்றிரவே உங்கள் பாட்டியிடம் கேளுங்கள் குழந்தைகளே. பாட்டி ஊரில் இருந்தால் தொலைபேசியில் கேளுங்கள்.

இவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை. நாம் வாழும் இந்தப் பெங்களூர் நகரத்தின் நடுவிலேயே தருமராய சுவாமி கோயில் இருக்கிறது. பாண்டவர்களுக்கும் திரௌபதிக்கும் உரிய கோயில் அது. ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமி இரவில் அங்கிருந்து கரகம் புறப்படுகிறது. அதனைத் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருவோர் திகளர் என்னும் சமூகத்தார். அவர்களுடைய முன்னோர் தமிழகத்திலிருந்து வந்து இங்கே தோட்டப் பயிர் செய்தவர்கள் என்பர். அக்கரகம் செல்லும் வழியில் மஸ்தான் சாகிப் தர்காவுக்கும் சென்று வருவது இந்நகரத்தின் பெருமை. திரௌபதியையும் பீமனையும் நெஞ்சில் சுமந்துகொண்டு நமக்கு முன்னரே இங்கு வந்து, கன்னட மக்களோடு கலந்து, இந்நகரத்தின் திருவிழாவையே தங்கள் திருவிழாவாக்கிய அந்த மக்களைக் காணும்போது, வந்த ஊரில் வாழ்வது எப்படி என்னும் பாடம் நமக்குக் கிடைக்கிறது. அடுத்த சித்திரையில் நம் காலனிப் பிள்ளைகளைக் கரகம் காண அழைத்துச் செல்ல வேண்டுமென்று சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு பெயர் பற்றி

இதுவரை இனிப்பான செய்திகளைச் சொன்னேன். சற்றுக் கசப்பான செய்தி ஒன்றும் உண்டு. குட்டிப் பீமனோடு ஓயாமல் மோதித் தோற்பவன் பெயர் காலியா. அது கண்ணன் அடக்கிய காளியன் என்ற பாம்பையும் நினைவூட்டும். இந்தி மொழியில் 'கறுப்பன்' என்ற பொருளையும் தரும். கதை எழுதியவர்கள் தீய எண்ணத்தோடு இட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் எப்படிப் பயன்படும் என்று எண்ணிப் பாருங்கள். விளையாட்டில் பீமனாக இருக்க எல்லோரும் முந்துவார்கள். காலியாவாக இருக்கும்படி யாரைப் பணிப்பார்கள்? நிறம் சற்று மிகுந்த பிள்ளையைத்தானே? இது என் கற்பனையன்று. இந்தக் காலனித் தாய்மார்கள் சிலருக்கு அவர்கள் பிள்ளைகள் அழுதுகொண்டு வந்த மாலை நேரம் நினைவிருக்கும்.

அப்படி அழுது வரும் பிள்ளையிடம் சொல்வதற்கு நம்மிடம் செய்தி இருக்கிறது. 'கண்ணே, கண்ணன் கறுப்பன். வில் விசயன் கறுப்பன். பாண்டவர் ஐவருக்கும் துணைவியாகி, இன்றும் ஊர் ஊராகக் கோயில் கொண்டிருக்கும் திரௌபதிக்குக் கிருஷ்ணை என்றே ஒரு பெயர். கரிய நிறத்தவள் என்பது அதன் பொருள். பாரதத்தில் நிறம் கறுத்தவர்கள் தோற்றவர்கள் அல்லர். வென்றவர்கள்' என்று சொல்லுங்கள். பிள்ளை நிமிர்ந்து நடக்கும். பீமனாக விளையாடும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: பீமன் தன் பலத்தை எளியவர்களைக் காக்கப் பயன்படுத்தினான். பிறரைப் பெயர் சொல்லிப் பழிப்பவன் பீமன் கட்சியில் சேர மாட்டான்.

படம் நடப்பது எப்படி?

வரைந்த படம் எப்படி ஓடுகிறது என்று பல குழந்தைகள் கேட்கிறார்கள். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் நம் கண்முன்னே கடந்து செல்கின்றன. கையால் வரையும் காலத்தில் ஒரு சித்திரத்தை இரண்டு முறை படம்பிடிப்பது வழக்கம். ஆகவே நொடிக்கு 12 சித்திரம் வேண்டும். 11 நிமிடக் கதை ஒன்றுக்கு 660 நொடிகள். குமாஸ்தாவுக்குக் கணக்குத்தானே தொழில்? பெருக்கிப் பார்த்தேன், 7,920 சித்திரங்கள்! இக்காலத்தில் கை, கால், தலை ஆகியவற்றைக் கணினியில் தனித்தனியே வரைந்து வைத்துக்கொண்டு அசைப்பதால் வேலை குறைந்திருக்கிறது. எனினும் பொறுமையும் கூரிய கண்ணும் குறையவில்லை.

நம் நாட்டில் இக்கலைக்கு வித்திட்ட வரலாறும் கேட்கத் தக்கது. 1956 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனத்தில் பணி செய்த கிளேர் வீக்ஸ் என்பவர் பம்பாய்க்கு வந்து, மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் நம் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். அங்கே பயின்றவர்களுள் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ராம் மோகன். இந்தியச் சித்திரப்படத்தின் தந்தை என்று பிற்காலத்தில் போற்றப்பட்டு, 2014 இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2019 இல் மறைந்தார். 1989 இல் ஏவி.எம். எடுத்த 'ராஜா சின்ன ரோஜா' படத்தில் ரஜினிகாந்த் குழந்தைகளோடும் சித்திர விலங்குகளோடும் ஆடிப் பாடிய காட்சி இங்கிருக்கும் பெற்றோருக்கு நினைவிருக்கும். அந்த விலங்குகளை நடமாட வைத்தவர் அந்த ராம் மோகன்தான். அவற்றோடு ஆடியவர் இதே பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்தவர்!

சென்னைக்கும் இதில் பங்குண்டு. 2000 ஆம் ஆண்டில் சென்னையைச் சேர்ந்த பென்டாமீடியா நிறுவனம் பாண்டவர் கதையை முப்பரிமாணக் கணினிச் சித்திரமாக எடுத்தது. இந்தியாவில் அவ்வகையில் எடுத்த முதல் முழுநீளப் படம் அது. பீமன் அதிலும் உண்டு. ஆனால் சென்னையில் பிறந்த அந்தப் படம் வாங்கிய தேசிய விருது, ஆங்கிலப் படத்திற்கான விருது.

நம் பெங்களூரும் இக்கலைக்குப் பெரும் பட்டறை. இத்தொழிலுக்கென 2012 இல் தனிக் கொள்கை வகுத்த முதல் மாநிலம் கர்நாடகம். எனினும் இத்தொழிலின் மேடுபள்ளத்தையும் நாம் அறிய வேண்டும். உலகப் புகழ் பெற்ற டெக்னிகலர் குழுமம் 2025 பிப்ரவரியில் நொடித்தபோது, இந்நகரில் இருந்த அதன் கலைக்கூடமும் மூடப்பட்டு, ஏராளமான இளைஞர்கள் ஒரே வாரத்தில் வேலை இழந்தார்கள். குழந்தைகளைச் சிரிக்க வைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். சித்திரம் வரையும் ஆசை உள்ள பிள்ளையைத் தடுக்காதீர்கள். ஆனால் அதனோடு வேறொரு கல்வியும் கையிலிருக்கட்டும் என்று சொல்லுங்கள்.

நம் வீட்டுப் போலு

டோலக்பூரில் டோலு, போலு என்று இரட்டையர் உண்டு. ஆனால் போலு என்ற பெயரில் நமக்கே சொந்தமான சித்திரப் பாத்திரம் ஒன்று உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ரயில்வே உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகளாவது தெரிந்திருக்க வேண்டும்! பம்பாயிலிருந்து தாணாவுக்கு 1853 ஏப்ரல் 16 அன்று பயணிகள் ரயில் ஓடியது. அதன் 150 ஆம் ஆண்டு தொடங்கியதை ஒட்டி, தேசிய வடிவமைப்புக் கழகம் கார்டு உடையணிந்து, கையில் பச்சை விளக்கேந்திய யானைக்குட்டி ஒன்றைப் படைத்தது. அதற்குப் போலு என்று பெயர். 2002 ஏப்ரல் 16 அன்று அது முதன்முதலாக வெளியிடப்பட்டது எங்கே தெரியுமா? நம் பெங்களூரில்! அன்றைய பெங்களூர் சிட்டி நிலையத்தில், இப்போது கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணா நிலையம் என வழங்கும் அதே நிலையத்தில், முதலாம் பிளாட்பாரத்திலிருந்து கர்நாடகா எக்ஸ்பிரஸுக்குக் கொடி காட்டி அனுப்பியது போலு. பின்னர் இரண்டு ரூபாய் நாணயத்திலும் இடம் பெற்றது. அது பறப்பதில்லை, யாரையும் குத்துவதில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு, பிறர் பத்திரமாகப் போய்ச் சேரக் காவல் நிற்கிறது. இந்தக் காலனியின் தந்தைமார் பலர் இரவு நேரத்தில் செய்யும் வேலையும் அதுதானே? பீமனை விரும்புங்கள், போலுவையும் மறவாதீர்கள்.

எந்த மொழியில்?

இறுதியாக, என் உள்ளத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். 2019 இல் பீமனைத் தவழும் குழந்தையாக்கி, நெட்பிளிக்ஸ் வழியாக ஒரு தொடர் வெளியிட்டார்கள். அதில் வசனமே இல்லை. மழலையும் இசையும் மட்டுமே. அதனால் அது எந்தத் தடையுமின்றி உலக நாடுகளுக்கெல்லாம் சென்றது. மொழி இல்லாத படம் எல்லோருக்கும் உரியது. ஆனால் மொழி உள்ள படம் வீட்டுக்குள் வரும்போது, அது எந்த மொழியில் வருகிறது என்று நாம் கேட்க வேண்டாமா?

1864 இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுக்கு ரயில் பாதை திறந்த நாள் முதல் நம்மவர்கள் இங்கே வந்துகொண்டிருக்கிறார்கள். பெரியவர்கள் தமிழைக் கையோடு கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் பயில்கிறார்கள். தொலைக்காட்சியில் இந்தி கேட்கிறார்கள். கன்னடம் நமக்குச் சோறிடும் மண்ணின் மொழி. அதைப் பிள்ளைகள் பிழையறக் கற்க வேண்டும். இந்தி தெரிவதும் குறையன்று. தமிழ் தெரியாமற் போவதே குறை. பேரன் பேசுவது பாட்டிக்கு விளங்காமல், பாட்டி சொல்வது பேரனுக்கு விளங்காமல், இருவரும் ஒரே தொலைக்காட்சியை வெறித்துக்கொண்டிருக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அதைவிடப் பெரிய பகைவன் டோலக்பூரில் எவனும் இல்லை.

இதற்குத் தொலைக்காட்சியை உடைக்க வேண்டியதில்லை. பீமன் தமிழிலும் பேசுகிறான். பெட்டியின் ஒலி மொழியை மாற்றும் பொத்தான் ஒன்றே போதும். 2007 முதல் குழந்தைகளுக்கென்றே சுட்டி டிவி தமிழில் நடைபெறுகிறது. அதில் டோரா தமிழ் பேசியதைக் கேட்டே இங்குள்ள பல பிள்ளைகள் எண்ணும் வண்ணமும் கற்றார்கள். ஆனால் கேட்பது மட்டும் போதாது, சொல்லவும் வேண்டும். பார்த்து முடித்ததும், 'இன்று பீமன் என்ன செய்தான்? தமிழில் சொல்' என்று கேளுங்கள்.

பிள்ளை முதலில் திணறும். 'பீம் டிஷும் டிஷும்னு அடிச்சான்' என்று முடித்துவிடும். விடாதீர்கள். எப்படி அடித்தான் என்று கேளுங்கள். குத்தினானா, அறைந்தானா, மொத்தினானா, உதைத்தானா, எற்றினானா, தூக்கி எறிந்தானா? எப்படி வந்தான்? ஓடினானா, பாய்ந்தானா, தாவினானா, துள்ளினானா, விரைந்தானா? 'டிஷும்' என்ற ஒரே ஓசையில் அடங்கிப்போன சண்டைக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! ஒரு வாரத்தில் பிள்ளை பத்துச் சொல் கற்கும். ஒரு வருடத்தில் கதை சொல்லும். கதை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்தும் வசப்படும்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் கால் மணி நேரத்தைப் பீமனுக்கு ஒதுக்குங்கள். அந்த வாரம் கண்ட கதையைப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தமிழில் சொல்லட்டும். பெரிய பிள்ளைகள் அரைப் பக்கம் எழுதட்டும். நன்றாக எழுதியவற்றை அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுங்கள். முதற் பரிசாக ஒரு புத்தகமும், ஆறுதற் பரிசாக ஆளுக்கு ஒரு லட்டும் கொடுக்கலாம். லட்டுச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.



வாழ்க குழந்தைகள்! வளர்க தமிழ்!